வெஸ்டர்ன் கதைகளில் வரும் 'பழைய சிப்பாய் மார்ஷல்' நிஜத்தில் இருந்தாரா?

கேள்வி இதுதான்: ஒரு வெஸ்டர்ன் நாவல் படித்தீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒருவன், போர் முடிந்ததும் மேற்கே போகிறான். புழுதி பறக்கும் ஏதோ ஓர் ஊரில் மார்ஷல் வேலை கிடைக்கிறது. மிச்சக் கதை முழுக்கத் துப்பாக்கிச் சண்டை. இப்படிப்பட்ட ஆட்கள் உண்மையில் இருந்தார்களா, போர் அனுபவம் அந்த வேலைக்கு உதவியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற வயட் எர்ப் போருக்கே போகவில்லை. 1861-இல் போர் தொடங்கியபோது அவருக்கு வயது 13. வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் படையில் சேரப் பார்த்தார், அப்பா பிடித்து இழுத்து வந்துவிட்டார் என்பார்கள். போருக்குப் போனவர்கள் அவருடைய அண்ணன்மார் மூவர்: நியூட்டன், ஜேம்ஸ், வர்ஜில். ஜேம்ஸ் 1861-லேயே மிசூரியில் தோளில் குண்டடி பட்டுத் திரும்பினார். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த, ஓ.கே. கொரால் சண்டை என்று பிரபலமான அந்தச் சண்டையின்போது ஊர் மார்ஷலாக இருந்தவர் வர்ஜில். வயட் அன்று அண்ணனுக்குத் துணையாகப் போனவர், அவ்வளவுதான். வயட் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1931-இல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு தம்பியைத் தூக்கி முன்னால் வைத்தது. ஹாலிவுட் அதைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் ஓரமாகப் போய்விட்டார்.

உங்கள் நாவலின் கதாநாயகனுக்கு நிஜ உலகில் ஒரு முகம் வேண்டுமென்றால், நான் வர்ஜில் எர்ப்பைத்தான் காட்டுவேன்.

1843-இல் கென்டக்கியில் பிறந்தவர். 18 வயது வாக்கில், அயோவா மாநிலத்தின் பெல்லா ஊரில், ஒரு டச்சுக் குடியேறியின் மகளோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம் இல்லை. பெண் குழந்தை பிறந்தது. அது கைக்குழந்தையாக இருக்கும்போதே, 1862 ஜூலையில், 83-ஆவது இல்லினாய் காலாட்படையில் மூன்று வருடத்துக்குச் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் அவர் போரில் செத்துப்போனதாக மனைவிக்குச் சொல்லப்பட்டது. அவள் பெற்றோருடன் ஆரிகன் பக்கம் போய், மறுமணம் செய்துகொண்டாள். 1865 ஜூனில் வர்ஜில் உயிரோடு திரும்பி வந்தபோது வீட்டில் மனைவியும் இல்லை, மகளும் இல்லை. நாவலாசிரியர் யாராவது இதை எழுதியிருந்தால், "ரொம்ப சினிமாத்தனம்" என்று நாமே சொல்லியிருப்போம்.

அந்த மூன்று வருடம் அவர் என்ன செய்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. உள்நாட்டுப் போர் என்றதும் கெட்டிஸ்பர்க் மாதிரி ஆயிரக்கணக்கானோர் மோதிய களம்தான் நினைவுக்கு வரும். 83-ஆவது இல்லினாயின் போர் வேறு மாதிரி. 1863 பிப்ரவரி 3-இல் டென்னசியில் டோவர் என்ற இடத்தில் எதிரிக் குதிரைப்படையை விரட்டிய ஒரு பெரிய சண்டை உண்டு. மற்ற நாள்களில் பெரும்பாலும் டொனல்சன் கோட்டையிலும் கிளார்க்ஸ்வில்லிலும் காவல் வேலை. ஆற்றுவழிச் சரக்குப் போக்குவரத்தைப் பாதுகாப்பது, மறைந்திருந்து தாக்கும் கொரில்லாக் கும்பல்களைத் தேடிப்போவது, எவன் விவசாயி எவன் எதிரி என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்வது. சீருடை போட்ட போலீஸ் வேலை என்றே சொல்லலாம். பின்னாளில் அவர் பார்த்த உத்தியோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது.

போர் முடிந்தபோது வடதரப்புப் படையில் மட்டும் பத்து லட்சம் பேர் இருந்தார்கள். அந்த வருட நவம்பருக்குள் எட்டு லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை பேருக்கும் கிழக்கே வேலை எங்கே இருக்கிறது? மேற்கே நிலம் இருந்தது, வெள்ளியும் தங்கமும் இருந்தன, ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. போனார்கள். 1872-இல் வந்த ஒரு சட்டம், அரசு நிலம் கேட்கும் முன்னாள் சிப்பாய்க்கு, அவர் படையில் இருந்த காலத்தையும் குடியிருந்த காலமாகக் கழித்துக் கொடுத்தது. இன்னொன்றும் முக்கியம். 1878-இல், உள்ளூர்ச் சட்டம் ஒழுங்கு வேலைக்கு ராணுவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பக்கத்திலேயே குதிரைப்படை முகாம் இருந்தாலும், மாடு திருடுபவனைப் பிடிக்க அதைக் கூப்பிட முடியாது. ஆக, சிப்பாய் செய்யக்கூடாத வேலையைப் பழைய சிப்பாய்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு செய்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மில் பலருக்கு இந்த உலகம் முத்து, லயன் காமிக்ஸ் வழியாகத்தான் வந்தது. (கேப்டன் டைகரும் பட்டாளத்துக்காரர்தானே. ஒரு கதையில் கொஞ்ச நாள் ஷெரிஃப் வேலையும் பார்ப்பார்.) அதில் நெஞ்சில் நட்சத்திரம் குத்திய எல்லோரும் ஒரே ஆள் மாதிரி தெரிவார்கள். நிஜத்தில் மூன்று தனித்தனி உத்தியோகங்கள். ஊர் மார்ஷலை நகரசபை நியமிக்கும், சில ஊர்களில் தேர்தலும் உண்டு. அவர் அதிகாரம் ஊர் எல்லையோடு சரி. ஷெரிஃப் மாவட்டத்துக்கு உரியவர், வாக்கு வாங்கி வருபவர், வரி வசூலும் அவர் பொறுப்பு. டூம்ஸ்டோன் இருந்த கொச்சீஸ் மாவட்டத்தில் ஷெரிஃப் ஜானி பீயன், வசூலில் பத்து சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதவிக்கு ஏன் அவ்வளவு அடிபிடி என்று இப்போது புரியும். மூன்றாவது, மத்திய அரசின் யு.எஸ். மார்ஷல். அவரை ஜனாதிபதி நியமிப்பார். அவருக்குக் கீழே வேலை செய்யும் துணை மார்ஷல்கள்தான் குதிரையேறி அலைந்தவர்கள்.

துணை மார்ஷல்களுக்கு 1896 வரை சம்பளமே கிடையாது. வாரண்டைக் கொண்டுபோக ஒரு மைலுக்கு 6 சென்ட், ஒரு கைதுக்கு 2 டாலர் என்று கணக்கு. அதிலும் மேலே இருக்கும் மார்ஷலுக்கு ஒரு பங்கு போகும். பிடிக்கப் போனவன் சண்டையில் செத்துவிட்டால் கூலி போச்சு. சில நேரம் புதைக்கும் செலவும் துணை மார்ஷல் தலையில். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுடுவதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருந்தார்கள். ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்துக்கு வேலை பார்த்த பாஸ் ரீவ்ஸ் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். எஜமானனோடு போருக்கு இழுத்துச் செல்லப்பட்டு, தப்பியோடியவர். எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது வாரண்டை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தார். மனைவியைக் கொன்ற தன் சொந்த மகனையும் அவரே போய்ப் பிடித்து வந்தார். அவருக்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். இங்கே இடம் போதாது.

ஊர் மார்ஷலின் அன்றாட வேலை இன்னும் சப்பென்று இருக்கும். சலூன்களிடம் உரிமக் கட்டணம் வசூலிப்பது, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைத் தூக்கிப்போய் லாக்கப்பில் போடுவது, தெருவில் செத்துக் கிடக்கும் குதிரையை அப்புறப்படுத்துவது. கான்ஸஸின் ஆபிலீன் ஊரில் 1871-இல் வைல்ட் பில் ஹிக்காக் மார்ஷலாக இருந்தபோது அவருக்கு மாதம் 150 டாலர் சம்பளம், வசூலாகும் அபராதத்தில் கால் பங்கு. அதோடு, உரிமம் இல்லாத நாய் ஒன்றைச் சுட்டால் 50 சென்ட். எந்த நாவலும் கதாநாயகனை நாய் சுடும் காட்சியில் அறிமுகப்படுத்தாது.

ஹிக்காக்கும் போரிலிருந்து வந்தவர்தான். வடதரப்புக்கு வண்டி ஓட்டினார், வேவு பார்த்தார், ராணுவப் போலீசுக்குத் துப்பறிந்தார். போர் முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1865 ஜூலை 21 அன்று, மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டு சதுக்கத்தில் டேவிஸ் டட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். சண்டை ஒரு பாக்கெட் கடிகாரத்துக்காக. சீட்டாட்டக் கடனுக்கு ஈடாக டட் அதை எடுத்துக்கொண்டார், அதை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்கக் கூடாது என்று ஹிக்காக் சொன்னார், டட் மாட்டிக்கொண்டு நடந்தார். இருவருக்கும் நடுவே சுமார் 75 கஜம். டட் தென்தரப்பில் போரிட்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், கடிகாரம் வெறும் சாக்கு என்று தோன்றும். நடுத்தெருவில் இருவர் எதிரெதிரே நின்று சுடும் அந்தக் காட்சி சினிமாவில் ஆயிரம் முறை வந்திருக்கிறது. நிஜத்தில் அப்படி நடந்தது மிக அபூர்வம், அந்த அபூர்வங்களில் இது ஒன்று. வழக்கு நடந்தது, நடுவர் குழு விடுவித்தது. 1867-இல் ஒரு பெரிய பத்திரிகை ஹிக்காக்கைப் பற்றிக் கண்டபடி ஊதிப் பெருக்கி எழுதியது. அதிலிருந்து நாடு முழுக்கப் பெயர்.

ஆபிலீனுக்கு மாட்டு மந்தை ஓட்டி வந்த கவுபாய்கள் டெக்ஸஸ்காரர்கள். அதாவது, தோற்றுப்போன தரப்பு. அவர்களை அடக்க ஊரார் வைத்த மார்ஷல் ஜெயித்த தரப்பு. உங்கள் நாவல் இதைக் கவனித்ததா தெரியவில்லை. அந்தக் காலத்து மாட்டுச் சந்தை ஊர்களின் சண்டைகளை, முடிந்த போரின் மிச்சமாகவும் படிக்கலாம். 1871 அக்டோபர் 5 இரவு, துப்பாக்கிச் சத்தம் கேட்டு வந்த ஹிக்காக், டெக்ஸஸிலிருந்து வந்த சூதாடி ஃபில் கோவைச் சுட்டார். அந்த நொடியில் பக்கவாட்டில் யாரோ ஓடி வரும் காலடிச் சத்தம். திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கமும் சுட்டார். ஓடி வந்தது மைக் வில்லியம்ஸ், அவருக்கே உதவி செய்ய வந்த சொந்தத் துணை அதிகாரி. செத்துப்போனார். டிசம்பரில் நகரசபை ஹிக்காக்கை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. அதன்பின் அவர் இன்னொருவரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. போரில் உயிரைக் காப்பாற்றிய அனிச்சைப் பழக்கம், தெருவில் நண்பனின் உயிரை எடுத்தது. போர் அனுபவம் உதவியதா என்ற உங்கள் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

டாலஸ் ஸ்டூடன்மையர் இன்னும் மோசமான உதாரணம். அலபாமாக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். வயது போதாமலே தென்தரப்புப் படையில் நுழைந்து, உடம்பில் குண்டுகளோடு திரும்பியவர். டெக்ஸஸின் எல் பாசோவில் 1881 ஏப்ரலில் மார்ஷல் வேலை. சேர்ந்து மூன்றாம் நாள் தெருவில் ஒரு சண்டை. சில நொடிகளில் நான்கு பேர் பிணம், அதில் ஒருவர் ஒன்றுக்கும் சம்பந்தமில்லாத வழிப்போக்கர், அவரைச் சுட்டது மார்ஷலே. அதற்கும் மூன்று நாள் கழித்து அவரைக் கொல்ல ஒருவன் இருட்டில் காத்திருந்தான். அவனையும் சாய்த்தார். அப்புறம் குடி, பகை, மறுபடி குடி. ஊரே பயந்தது. 1882 மே மாதம் வேலை போயிற்று, செப்டம்பரில் சலூன் சண்டையில் உயிரும் போயிற்று. போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் காரணமில்லாமல் வரும் படபடப்பையும் மூச்சுத்திணறலையும் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதியிருந்தார். அதை அன்று இதயக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். மனக்காயம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

சரி, வர்ஜிலுக்கு வருவோம். 1879 நவம்பரில் துணை யு.எஸ். மார்ஷல் பதவி கையில் கிடைக்க, டிசம்பர் முதல் தேதி டூம்ஸ்டோன் வந்து சேர்ந்தார். வெள்ளிச் சுரங்க ஊர். இருந்த மார்ஷல் சுடப்பட்டு இறந்தபோது தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். தேர்தலில் நின்று தோற்றார். ஜெயித்தவர் விடுப்பில் போய்த் திரும்பவே இல்லை, 1881 ஜூனில் வேலை இவரிடம் வந்தது. சாகசக் கதையில் கதாநாயகன் தேர்தலில் தோற்கமாட்டான், பாவம்.

ஊரில் அப்போது 9-ஆம் எண் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஊருக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு நடமாடக் கூடாது. வந்ததும் குதிரை லாயத்திலோ சலூனிலோ ஒப்படைத்துவிட வேண்டும். மேற்கே எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தார்கள் என்ற நம் நினைப்புக்கு இது நேர் எதிர். அந்தச் சண்டையே இந்தச் சட்டத்தை அமல்படுத்தப் போய் வந்ததுதான்.

சண்டைக்கு முதல் நாள் இரவு வர்ஜில் விடிய விடியச் சீட்டாடினார். மேசையில் கூடவே ஐக் கிளான்டன், டாம் மெக்லாரி (எர்ப் சகோதரர்களோடு பகையிலிருந்த மாட்டுப்பண்ணைக்காரர்கள், மறுநாள் எதிரே நிற்கப் போகிறவர்கள்), ஷெரிஃப் பீயன். விடிந்ததும் ஆட்டம் கலைந்தது. வர்ஜில் தூங்கப் போனார். ஐக் தூங்காமல், துப்பாக்கியும் கையுமாக எர்ப் சகோதரர்களைத் திட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார். எழுந்து வந்த வர்ஜில் பின்னால் போய், ஒரு கையால் ரைஃபிளைப் பிடித்து, இன்னொரு கையிலிருந்த ரிவால்வரால் மண்டையில் ஒன்று போட்டார். அப்படியே நீதிமன்றத்துக்கு இழுத்துப்போனார். 25 டாலர் அபராதம், செலவு தனி. சுடவில்லை, கவனியுங்கள். தலையில் அடித்து ஆயுதத்தைப் பறிப்பதுதான் அந்தக் காலத்து நல்ல மார்ஷலின் முதல் கருவி.

மதியம் மூன்று மணி வாக்கில், ஐக்கும் அவர் தம்பி பில்லியும் மெக்லாரி சகோதரர்களும் ஃப்ரீமான்ட் தெருவில் ஒரு காலி மனையில் ஆயுதத்தோடு நிற்பதாகத் தகவல். வர்ஜில் கையில் ஒரு ஷாட்கன் இருந்தது. அதை வயட்டின் நண்பரும் சூதாடியுமான டாக் ஹாலிடேயிடம் கொடுத்து நீளக் கோட்டுக்குள் மறைக்கச் சொன்னார். ஊரார் பார்த்துக் கலவரப்படக் கூடாதல்லவா. பதிலுக்கு ஹாலிடேயின் கைத்தடியை வாங்கிக்கொண்டார். வழியில் பீயன் ஓடி வந்து தடுத்தார். அவர்கள் ஆயுதத்தைத் தான் வாங்கிவிட்டதாகச் சொன்னார் என்பது வர்ஜிலின் சாட்சியம், அப்படிச் சொல்லவே இல்லை என்பது பீயன் தரப்பு. அதைக் கேட்ட வர்ஜில், ரிவால்வரை இடது இடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு, கைத்தடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். துப்பாக்கி பிடிக்கும் கையில் தடி. சண்டைக்குப் போகிறவன் இப்படிச் செய்வானா?

மனை மொத்தமே இருபது அடிக்குள் அகலம். "கையைத் தூக்குங்க, துப்பாக்கி வேணும்" என்றார். இரண்டு ரிவால்வர் சுத்தியல்கள் இழுபடும் சத்தம். கைத்தடியைத் தூக்கிக் காட்டி, "நிறுத்துங்க, நான் அதுக்குச் சொல்லல" என்றார். அதற்குள் வெடித்துவிட்டது. முதலில் சுட்டது யார் என்று இன்றுவரை சண்டை. சுமார் முப்பது நொடி, முப்பது குண்டு. ஃபிராங்க் மெக்லாரி, டாம் மெக்லாரி, 19 வயதுப் பில்லி கிளான்டன் மூவரும் செத்தார்கள். வர்ஜிலுக்குக் கெண்டைக்காலில் குண்டு. வாய்ச்சவடால் விட்ட ஐக் ஓடிப்போய்த் தப்பினார். டாம் கையில் ஆயுதம் இருந்ததா என்பது அடுத்த சர்ச்சை.

மூன்று நாளில் நகரசபை வர்ஜிலைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்திவைத்தது. ஒரு மாதம் விசாரணை. நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் குற்றமில்லை என்று விடுவித்தார். கூடவே, ஏற்கெனவே பகையிருந்த வயட்டையும் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தது விவேகமற்ற, கண்டிக்கத்தக்க செயல் என்று தீர்ப்பிலேயே எழுதினார். என் பார்வையில் அந்த ஒரு வரி, சண்டையைப் பற்றிய எந்தப் படத்தையும்விட நேர்மையானது. படையில் பக்கத்தில் நிற்க நம்பகமானவன் வேண்டும். போலீஸ் வேலையில் பக்கத்தில் நிற்பவனுக்கு எதிராளியோடு பகை இருக்கக் கூடாது. சிப்பாயாக வர்ஜில் செய்தது சரி, மார்ஷலாகத் தவறு.

டிசம்பர் 28 நள்ளிரவு நெருங்கும் நேரம், ஐந்தாம் தெருவைக் கடந்தவரை இருட்டிலிருந்து ஷாட்கன்களால் சுட்டார்கள். இடது கை எலும்பு நொறுங்கியது. கையை எடுத்துவிடலாம் என்றதற்கு வர்ஜில் சம்மதிக்கவில்லை. டாக்டர் ஜார்ஜ் குட்ஃபெலோ மேற்கை எலும்பில் நொறுங்கிய பகுதியை வெட்டி எடுத்தார். (குட்ஃபெலோ சுவாரஸ்யமான மனிதர். பட்டுத் துணியைக் குண்டு துளைக்காமல் போவதைக் கவனித்து 1887-இல் கட்டுரை எழுதியவர்.) அழுதுகொண்டிருந்த மனைவி அல்லியிடம் வர்ஜில், "விடு, உன்னைக் கட்டிப்பிடிக்க இன்னொரு கை இருக்கே" என்றாராம். அடுத்த மார்ச்சில் தம்பி மார்கனைக் கொன்றார்கள். வயட் பழிவாங்கக் கிளம்பினார், சினிமாக்காரர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

தொங்கிப்போன கையோடு வர்ஜில் கலிஃபோர்னியாவின் கோல்ட்டன் (Colton) ஊருக்குப் போனார். அங்கே 1887-இல், அந்த ஊரின் முதல் மார்ஷலாக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் 75 டாலர்.

1890-களின் கடைசியில் ஆரிகனின் போர்ட்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது, அவர் 1862-இல் விட்டுப்போன அந்தக் கைக்குழந்தை. அல்லியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். 1905-இல் நெவாடாவின் கோல்ட்ஃபீல்டு என்ற தங்கச் சுரங்க ஊரில், 61 வயதில், மறுபடி துணை ஷெரிஃப் பேட்ஜ் குத்திக்கொண்டார். அதே வருட அக்டோபரில் நிமோனியாவில் இறந்தார். உடலைத் தன் ஊருக்கு அனுப்பச் சொல்லி மகள் கேட்டாள். போர்ட்லாந்து ரிவர்வியூ கல்லறையில்தான் இருக்கிறார்.